இரண்டு மஞ்சள் மாத்திரைகள்

எங்க அம்மாவுக்குக் கை மூட்டுகளில் வாதம். ஆறு வருஷமாக அரசு மருத்துவமனையில் பார்த்து வருகிறோம். மருந்து எடுத்து வருவது என் வேலை. வாரத்தில் ஒரே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, மெத்தோட்ரெக்சேட் சாப்பிட வேண்டும். மற்ற நாள்களில் ஃபோலிக் அமிலம். இரண்டுமே சின்னது, இரண்டுமே மஞ்சள். மாற்றிச் சாப்பிட்டுவிட்டால் ஆபத்து. மருந்தகத்தில் இருக்கும் பெண் ஒவ்வொரு முறையும் பையைப் பிரித்து, ஒன்றைத் தனியாக எடுத்துக் காட்டித்தான் என்னை அனுப்புவார்.

ஒரு நாள் கூட்டம் குறைவாக இருந்தது. எதுக்கு இந்த ரெண்டும் சேர்ந்தே வருதுன்னு கேட்டேன். முதல் மாத்திரை உடம்பில் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும், அதனால் வாய்ப்புண், குமட்டல் எல்லாம் வரும், அதை ஈடுகட்டத்தான் இரண்டாவது என்று விளக்கினார். ஒரு மருந்து அடைக்கிறது, இன்னொரு மருந்து திறக்கிறது. எனக்கு அது விநோதமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தேன். இந்த இரண்டின் வேரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அந்த ஆய்வுகளை நடத்தியவர் ஒரே மனிதர். சென்னையில் படித்த ஓர் ஆந்திரக்காரர். எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

நான் எங்கள் கிளையில் சனிக்கிழமை வகுப்பு எடுப்பவன். அந்த வாரம்தான் எஸ்.பி.எம். முடிவுகள் வந்திருந்தன. வழக்கமாக முதல் ஆளாக வந்து பாய் விரிக்கிற பையன் வரவில்லை. மார்க் சரியில்லை, அறையை விட்டே வெளியே வரமாட்டேங்கிறான் என்று அவன் அம்மா போனில் சொன்னார்கள். அடுத்த வாரம் எப்படியோ வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தான். தயார் பண்ணி வைத்திருந்த பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, அன்றைக்கு இந்த மனிதரின் கதையைச் சொன்னேன். அதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

சுப்பாராவ் பிறந்தது 1895 ஜனவரி 12, பீமவரத்தில். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த ஊர். ஜனவரி 12 என்றால் நம்ம இளைஞர்களுக்கு உடனே ஞாபகம் வரும், சுவாமி விவேகானந்தரின் பிறந்தநாள். சுப்பாராவ் பிறந்தபோது விவேகானந்தர் அமெரிக்காவில் இருந்தார். பின்னாளில் இந்தப் பிள்ளையும் அதே தேசத்துக்குப் போய், திரும்பாமலே இருந்துவிட்டது.

ஏழு பிள்ளைகளில் நான்காவது. வீட்டில் பணக்கஷ்டம். பதின்மூன்று வயதில் பையன் ஒரு திட்டம் போட்டான். காசிக்குப் போய் யாத்ரீகர்களிடம் வாழைப்பழம் விற்றால் நிறைய சம்பாதிக்கலாம்! வீட்டை விட்டு ஓடியும் போனான். பிடித்து இழுத்து வந்தார்கள். அம்மா வெங்கம்மா லேசுப்பட்டவர் இல்லை. தன் நகைகளை விற்று அவனைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பினார்.

இவ்வளவுக்கும் பிறகு பையன் மெட்ரிகுலேஷன் தேர்வில் தோற்றான். மறுபடி எழுதினான், மறுபடியும் தோல்வி. மூன்றாம் முறை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித்தான் தேறினான். (சில வருஷம் கழித்து அதே பள்ளியில் படித்த இன்னொருவர் நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் பரிசு வாங்கிய சந்திரசேகர். ஒரே பள்ளி, இரண்டு விதமான பிள்ளைகள்.) இந்த இடத்தில் வகுப்பில் நான் யாரையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

மாநிலக் கல்லூரியில் சேர்ந்த பிறகு அவர் மனசு ராமகிருஷ்ண மிஷன் பக்கம் போனது. துறவியாக வேண்டும் என்று கேட்டுப் போனார். தாயின் சம்மதம் வேண்டும் என்றார்கள். வெங்கம்மா சம்மதிக்கவில்லை. நகையை விற்றுப் படிக்க வைத்த அம்மா எப்படிச் சம்மதிப்பார்? அப்படியானால் மருத்துவம் படி, நோயாளிகளுக்குச் சேவை செய் என்று மிஷனில் வழி காட்டினார்கள். அப்படித்தான் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நண்பர்களும், கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் பணம் கொடுத்து உதவினார்கள். அந்த மூர்த்தியின் மகள் சேஷகிரியைத்தான் 1919இல் மணந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காந்தியின் அழைப்பு நாடெங்கும் பரவிய காலம் அது. சுப்பாராவ் அந்நியத் துணியை விட்டார். அறுவை சிகிச்சைக் கூடத்துக்குள்ளும் கதர் அங்கி போட்டுக்கொண்டு வந்து நின்றார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு ஆங்கிலேயர். அவருக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளைச் சுப்பாராவ் நன்றாகவே எழுதியிருந்தும், முடிவில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். பட்டம் இல்லை. அதற்கு ஒரு படி குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ். ஒரு துணிக்காகப் போன பட்டம். மாகாண மருத்துவப் பணியில் சேர முயன்றார், அதுவும் கிடைக்கவில்லை.

இதற்கு நடுவில் வீட்டில் அடுத்தடுத்து சாவு. இரண்டு சகோதரர்கள் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற நோயில் போய்விட்டார்கள். அந்த நோயில் சாப்பிட்டது குடலில் ஒட்டாது. ஓயாத வயிற்றுப்போக்கு, நாக்கெல்லாம் புண், ரத்தம் வற்றி ஆள் எலும்பாகிவிடுவார். மருத்துவம் படித்தவராலேயே அண்ணன் தம்பியைக் காப்பாற்ற முடியவில்லை, அப்போது யாரிடமும் அதற்கு மருந்து இல்லை. அதே நோய் பிறகு அவரையும் பிடித்தது. ஆயுர்வேத வைத்தியத்தில் பேர் பெற்ற டாக்டர் ஆசண்ட லட்சுமிபதிதான் அவரை எழுப்பி உட்கார வைத்தார். லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே சுப்பாராவ் உடற்கூறியல் ஆசிரியராக வேலையும் பார்த்தார். ஆனால் மனசு நிற்கவில்லை. இந்த மருந்து வேலை செய்கிறது, சரி, அதற்குள் இருக்கிற எது வேலை செய்கிறது? அதைத் தெரிந்துகொள்ளும் வசதி அவர் இருந்த இடத்தில் இல்லை.

மாமனாரும், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் பணம் கொடுக்க, 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். மூன்று வருஷத்தில் திரும்பி வருவதாக சேஷகிரியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

கையில் இருந்த எல்.எம்.எஸ்.ஸுக்கு அங்கே மருத்துவராக வேலை கிடைக்காது. ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பகலில் படிப்பு. இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைச் சுத்தம் செய்யும் வேலை. டிப்ளோமா முடிந்ததும் உயிர்வேதியியல் துறைக்குப் போனார். அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார்.

அறிவியல் பிரிவு மாணவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படிங்க. ரத்தத்திலோ தசையிலோ எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று அளக்க, ஃபிஸ்க்கும் சுப்பாராவும் 1925இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். மாதிரியோடு மாலிப்டேட்டைச் சேர்த்து, வினைப்படுத்தினால் நீல நிறம் வரும். பாஸ்பேட் கூடக் கூட நீலம் அடர்த்தியாகும். நிறத்தை வைத்தே அளவைச் சொல்லிவிடலாம். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று அது இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் பெயர் சொல்லப்படுகிறது. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தசைக்குள் நுழைந்தார்கள். 1927இல் பாஸ்போகிரியேட்டின் கிடைத்தது. 1929இல் ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதைக் கண்டுபிடித்தார். உயிரியல் பாடத்தில் நீங்கள் மனப்பாடம் செய்கிறீர்களே, உயிரணுவின் சக்திக்கு ஏ.டி.பி. என்று, அந்த ஏ.டி.பி.தான்! அதுவரை தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று நம்பியிருந்தார்கள். அந்தத் துறையில் 1922க்கான நோபல் பரிசுகூடக் கொடுத்தாகிவிட்டது. அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

1930இல் ஹார்வர்டிலேயே முனைவர் பட்டம் வாங்கினார். இருந்தாலும் நிரந்தரப் பேராசிரியர் பதவி கடைசி வரை தரவில்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் அந்தக் காலத்தில் அதே துறையில் மாணவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களை ஃபிஸ்க் பொறாமையால் வெளியே வர விடவில்லை என்றும், பல வருஷம் கழித்து வேறு ஆள்கள் அவற்றை மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றும் அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். சுப்பாராவ் இதற்காகச் சண்டை போட்டவர் இல்லை. கட்டுரைகளில் தன் பேர் முன்னால் வரவேண்டும் என்று கேட்டவரும் இல்லை. தன்னலமின்மை என்று நாம் இதைப் பாராட்டிவிட்டுப் போகலாம். எனக்கு அது முழுசாகச் சரியாகப் படவில்லை. கண்டுபிடித்தது அமுங்கிப்போனால் நஷ்டம் அவருக்கு மட்டுமா?

1940இல் ஹார்வர்டை விட்டார். நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். சீக்கிரமே அங்கே ஆராய்ச்சிக்குத் தலைவரானார். அடுத்த எட்டே வருஷம்தான் ஆயுள். அந்த எட்டு வருஷத்தில் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

முதலில் ஈரல். கடுமையான ரத்தசோகைக்கு ஈரல் சாப்பிட்டால் குணமாகிறது என்று 1926இலேயே பாஸ்டன் மருத்துவர்கள் காட்டியிருந்தார்கள். ஈரலுக்குள் இருக்கும் அந்தப் பொருள் எது? ஹார்வர்டு நாள்களிலிருந்தே சுப்பாராவ் தேடினார். அந்தத் தேடலில் அவர் ஜெயிக்கவில்லை. அது வைட்டமின் பி12, 1948இல் வேறு ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் அதே ஈரலுக்குள் இன்னொன்று இருந்தது. பம்பாயில் லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் ஏற்கனவே அதன் தடயத்தைப் பார்த்திருந்தார். ரத்தசோகையால் வாடிய கர்ப்பிணிப் பெண்களுக்கு ஈஸ்ட் சாறு கொடுத்தால் தேறுகிறார்கள் என்று கண்டார். பிறகு 1941இல் கீரையிலிருந்து அதே பொருளைப் பிரித்த அமெரிக்க ஆய்வாளர்கள், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பேர் வைத்தார்கள். கிடைத்ததோ துளித்துளி. சுப்பாராவின் குழு 1945இல் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டியது. இனி ஈரலும் வேண்டாம், மூட்டை மூட்டையாகக் கீரையும் வேண்டாம்.

கர்ப்பமான உடனே நம்ம கிளினிக்கில் அக்காமாருக்குக் கொடுக்கிறார்களே, அதே மாத்திரை. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாக்குப் புண் ஆறியது, ரத்தம் ஊறியது, படுத்தவர்கள் எழுந்தார்கள். சகோதரர்கள் இருவரைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து அவர் ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்துவிட்டது. இருபது வருஷத்துக்கும் மேல் தாமதமாக.

அடுத்ததுதான் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையின் கதை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இருந்தார். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை, சில வாரம், சில மாதம், அவ்வளவுதான். ஃபோலிக் அமிலத்தோடு தொடர்புள்ள பொருள்களைக் கொடுத்துப் பார்த்த ஃபார்பருக்கு, நோய் இன்னும் வேகமெடுப்பதுபோல் தெரிந்தது. அப்போ அதற்கு எதிரானதைக் கொடுத்தால்? உயிரணு இரண்டாகப் பிரிய ஃபோலிக் அமிலம் வேண்டும். புற்று அணுக்கள் பிரிந்துகொண்டே இருப்பவை. அதனால் கிட்டத்தட்ட ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும், ஆனால் அதன் வேலையைச் செய்யாத ஒரு பொருள் தேவை. கள்ளச்சாவி மாதிரி. பூட்டுக்குள் போய் மாட்டிக்கொள்ளும், திறக்காது, உண்மையான சாவியையும் உள்ளே விடாது. அப்படிப்பட்ட சாவிகளைச் செய்து கொடுத்தது சுப்பாராவின் ஆய்வுக்கூடம். அதில் ஒன்று அமினோப்டெரின். 1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேரிடம் நோய் பின்வாங்கியிருந்தது. நிரந்தரமாக இல்லை, திரும்பி வந்துவிட்டது. ஆனால் ரத்தப் புற்றுநோயை ஒரு மருந்து பின்வாங்க வைக்க முடியும் என்று உலகம் பார்த்தது. அமினோப்டெரினின் நெருங்கிய உறவுதான் மெத்தோட்ரெக்சேட். இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது இருக்கிறது. மூட்டு வாதத்துக்கு அமெரிக்காவில் அதற்கு முறையான அனுமதி கிடைத்தது 1988இல்.

ஃபார்பரின் அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் ஐந்து பேர். அதில் சுப்பாராவ் இல்லை. குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுத்தவர்கள் அவர்கள், அதனால் அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பேர் காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான், யாரும் திருடாமலே.

யானைக்கால் நோய்க்கு ஹெட்ரசான் என்ற மருந்தும் அந்த ஆய்வுக்கூடத்தில்தான் 1947இல் வந்தது. போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அந்த நோய் தொற்றியதால் அவசரம் பிறந்தது. நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. யானைக்கால் புழுக்களில் ஒன்றின் அறிவியல் பெயரே புருகியா மலாயி, நம்ம மலாயாவின் பெயர். நம் சுகாதார அமைச்சின் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் கிராமம் கிராமமாகக் கொடுத்த மருந்துகளில் ஒன்று ஹெட்ரசானின் அதே பொருள், டைஎதில்கார்பமசின். அப்புறம் ஆரியோமைசின். ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கரை, எழுபது வயதைத் தாண்டிய பிறகு லெடர்லி வேலைக்கு எடுத்தது. பல ஊர் மண்ணை வரவழைத்துச் சோதித்த அவர், மிசௌரி மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியில் அந்தத் தங்க நிற மருந்தைக் கண்டுபிடித்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தில் மூத்த பிள்ளை அது.

வகுப்பில் இதுவரை எல்லாரும் ஆர்வமாகக் கேட்டார்கள். அப்போது படிவம் 4 படிக்கும் ஒரு தங்கை கையைத் தூக்கினாள். அந்த சேஷகிரி என்ன ஆனாங்க என்று கேட்டாள்.

சொன்னேன். மூன்று வருஷம் என்று போனவர் ஒரு தடவைகூடத் திரும்பி வரவில்லை. அவர் போன பிறகு சேஷகிரிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அப்பா அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு வயது ஆகும் முன்பே குழந்தை கிருமித் தொற்றில் இறந்துபோனது. முதலில் படிப்பு, பிறகு ஆராய்ச்சி, பிறகு போர், பிறகு மறுபடியும் ஆராய்ச்சி. சேஷகிரி இருபத்தைந்து வருஷம் காத்திருந்தார்.

அந்தத் தங்கை விடவில்லை. ஊருக்கெல்லாம் சேவை செய்தவர் கட்டின மனைவியிடம் சொன்ன வார்த்தையைக் காப்பாத்தலையே, அதையும் சேவைக் கணக்கில்தான் எழுதுவீங்களா என்று கேட்டாள். இன்னொருவன் எழுந்து, அவர் திரும்பி வந்திருந்தால் அந்தப் பத்துக் குழந்தைகளின் கதி என்ன என்றான். பத்து நிமிஷம் நல்ல சண்டை. நான் இரண்டு பக்கமும் சாயவில்லை. சாய முடியவில்லை என்பதே உண்மை. துறவியாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர், அம்மா தடுத்ததால் இல்லறத்துக்கு வந்தார். கடைசியில் துறவி மாதிரியே தனியாக வாழ்ந்தார். ஆனால் அந்தத் துறவுக்குச் சம்மதம் கொடுக்க வேண்டிய இன்னொருத்தரிடம் யாருமே கேட்கவில்லை.

1948 ஆகஸ்ட் 8 இரவு தூங்கப் போனவர் காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது 53. ஃபார்பரின் கட்டுரை வெளியாகி இரண்டே மாதம், ஆரியோமைசினை உலகத்துக்கு அறிவித்துச் சில வாரம்தான் ஆகியிருந்தது. அமெரிக்கக் குடியுரிமை வாங்காமலே போய்ச் சேர்ந்தார். 1953இல் ஒரு பூஞ்சைக்கு அவர் பேரை வைத்தார்கள், சுப்பாரோமைசஸ் ஸ்ப்ளெண்டென்ஸ். 1995இல் நூற்றாண்டுக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். கடைசி வரிசைப் பையன் மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றான். மூணாவது தடவை பாஸ் பண்ணும்போது அவருக்கு எத்தனை வயசுண்ணே என்று கேட்டான். கிட்டத்தட்ட உன் வயசுதான்டா என்றேன். பாயை அலமாரியில் வைத்துவிட்டுப் போனான்.

அன்று ராத்திரி அம்மாவின் மருந்துப் பெட்டியை நிரப்பினேன். ஏழு கட்டம். திங்கள் முதல் சனி வரை ஃபோலிக் அமிலம், ஞாயிறு கட்டத்தில் மட்டும் மற்றது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சரியாப் போட்டியா என்று கேட்டார்கள். இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன்.